கொள்முதல் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் மூத்த நூலகருக்கு

பதவி உயர்வு ஆணை வந்த அன்றைக்கு எல்லோரும் வாழ்த்துவார்கள், ஸ்வீட் கேட்பார்கள். மறுநாள் காலையில் மேசையைத் திறந்தால் முந்தையவர் பாதியில் விட்டுப்போன ஒரு தணிக்கை ஆட்சேபணையும், பில் பாஸ் ஆகாத சப்ளையர் ஒருவரின் கோபக் கடிதமும் இருக்கும். ஸ்டோர் ரூமில் கட்டுப் பிரிக்காத புத்தகங்கள் சில நூறு. புத்தகம் வாங்குவதும் ஆய்வுச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்வதும் இனி உங்கள் தலையில். பயப்பட ஒன்றுமில்லை, நூலகவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதனே 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போய் உட்கார்ந்த புதிதில் சலித்துப்போய், திரும்பக் கணக்கு வாத்தியாராகவே போய்விடுகிறேன் என்று நின்றவர்தான்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களை மனதில் வைத்து. பொது நூலகத் துறையில் வாங்கும் முறையே வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்க வேண்டாம்

பட்ஜெட் தாள் கைக்கு வந்ததும் எதை வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பிப்போம். அதற்கு முன்னால், எதற்கெல்லாம் இனிமேல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்ச் சந்தாவை மத்திய அரசே கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, காந்திநகரிலுள்ள நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் அதை நடத்துகிறது. நீங்கள் அரசுக் கல்லூரியிலோ மாநிலப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால் அந்த இதழ்ப் பட்டியலையும் உங்கள் சந்தாப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு முழுநாள் உட்கார்ந்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அங்கே வருவதற்கு இங்கேயும் பணம் கட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒருநாள் வேலை வருஷ பட்ஜெட்டையே புரட்டிப் போட்டுவிடும். தனியார் சுயநிதிக் கல்லூரி என்றால் இந்தத் திட்டத்துக்குள் வரவில்லை, கல்லூரிகளுக்கான இன்ஃப்ளிப்நெட்டின் மின்னிதழ், மின்னூல் திட்டமான என்-லிஸ்ட்தான் உங்களுக்கு வழி. அதில் சேர்ந்துவிட்டு, ஆசிரியர்களுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு, என்ன சொல்ல.

முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தலைப்பு மாற்றி, கெட்டி அட்டை போட்டு, இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள் அல்லவா, அதை வாங்குவதற்கு முன் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஒருமுறை தேடிவிடுங்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடக்கின்றன. ஆசிரியர் பெயரையும் வழிகாட்டியின் பெயரையும் போட்டுத் தேடினால் இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

இப்படி மிச்சமாகும் பணத்தை நான் ஒரே கணக்கில்தான் செலவழிக்கச் சொல்வேன்: எங்கேயும் கிடைப்பதற்குக் குறைவாக, உங்களை விட்டால் வேறு யாரும் எடுத்துவைக்காததற்கு அதிகமாக. எதைச் செய்தாலும் இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

பட்டியல் எப்படி வரும்

துறைத் தலைவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, ‘தேவையான நூல்களின் பட்டியலை அனுப்பவும்’ என்று கேட்டால் வராது. மூன்று நினைவூட்டல் போனாலும் வராது, வந்தாலும் ஒரு சப்ளையர் தயார்செய்து கொடுத்த எக்ஸெல் கோப்பு அப்படியே வரும், அடியில் கையெழுத்தோடு. அதனால் நீங்களே முப்பது தலைப்புப் பொறுக்கி, பக்கத்தில் டிக் அடிக்க இடம் விட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளைத் தாளைப் பார்த்தால் நேரமில்லை என்பவருக்கு, முன்னால் ஒரு பட்டியல் இருந்தால் அடித்துத் திருத்தக் கை பரபரக்கும். ‘இதெல்லாம் யார் போட்டது, இந்தப் புத்தகத்தை விட்டுவிட்டீர்களே’ என்று அவரே நான்கு நல்ல தலைப்பைச் சேர்த்துத் தருவார்.

இன்னொரு சங்கடம், துறைத் தலைவர் தான் எழுதிய புத்தகத்தில் இருபது பிரதி வாங்கச் சொல்வது. முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. ஆகவே அப்படி ஒரு நாள் வருவதற்கு முன்பே நூலகக் குழுவில் தீர்மானம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பாடநூல் அல்லாத எதுவும் இரண்டு பிரதிக்கு மேல் இல்லை. அப்புறம் உங்களுக்கு வேலை சுலபம், ‘நான் என்ன சார் பண்ணட்டும், கமிட்டி தீர்மானம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

சப்ளையரும் பில்லும்

நல்ல சப்ளையர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம்மைவிடப் புத்தகம் தெரிந்தவர்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் எல்லோரும் அப்படி இல்லை என்பதால் சிலவற்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுப் புத்தகத்துக்கு மலிவான இந்தியப் பதிப்பு இருக்கும்போதே டாலர் விலைப் பதிப்புக்குப் பில் போடுவது பழைய தந்திரம். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்: அறுநூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு இந்தியப் பதிப்பு கடையில் கிடைத்த ஒரு பாடநூலை நாலாயிரத்துக்கு மேல் கொடுத்து ஆறு பிரதி வாங்கிவிட்டேன், அதைக் கண்டுபிடித்துச் சொன்னது தணிக்கைக்காரர்கூட இல்லை, இரண்டாமாண்டுப் பையன் ஒருவன். ஆர்டர் போடும்போதே ‘இந்தியப் பதிப்பு இருந்தால் அதுவே அனுப்பப்பட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்நியச் செலாவணிக்கு ஜி.ஓ.சி. (குட் ஆஃபீசஸ் கமிட்டி) அறிவிக்கும் விகிதமா, பில் தேதியன்றைய வங்கி விகிதமா, தள்ளுபடி எத்தனை சதவீதம், இதெல்லாமும் ஆர்டர் கடிதத்திலேயே இருக்க வேண்டும், பில் வந்தபிறகு பேச உட்கார்ந்தால் நமக்குத்தான் நஷ்டம். விலைக்கான ஆதாரம், அதாவது பதிப்பாளரின் விலைப்பட்டியல் பக்கம், ஒவ்வொரு வெளிநாட்டுத் தலைப்புக்கும் பில்லோடு இணைந்து வரட்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, யாராவது சேர்த்துப் போட்டிருந்தால் பில்லைத் திருப்பி அனுப்புங்கள்.

பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் என்ற பெயரில் வருபவற்றிடமும் ஜாக்கிரதை. நூலகங்களுக்கு விற்பதற்காகவே அச்சாகும் சரக்கு அது, வாசகர் யாரும் கடையில் கேட்டு வாங்க மாட்டார். ஏதாவது ஒரு தொகுதியைத் திறந்து, நடுவில் ஒரு பத்தியை எடுத்து அப்படியே இணையத்தில் தேடிப் பாருங்கள், எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும்.

மார்ச் மாதம் பற்றித் தனியாகவே எழுதலாம். பிப்ரவரி கடைசியில் நிதி வந்து, மார்ச் 31க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற நெருக்கடியில்தான் மேலே சொன்ன எல்லாக் குப்பையும் உள்ளே நுழைகிறது. இதற்கு ஒரே மருந்து, நவம்பரிலேயே இரண்டு மடங்கு தொகைக்குச் சரிபார்த்த பட்டியல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது. பணம் எப்போது வந்தாலும் மேலிருந்து வெட்டி ஆர்டர் போடலாம். அதேபோல அக்சஷன் போட (பதிவேட்டில் வரிசை எண் ஏற்ற), கேட்டலாக் செய்ய உங்களிடம் எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து ஆர்டர் போடுங்கள், இரண்டு பேர் இருக்கும் இடத்தில் நாலாயிரம் புத்தகம் வந்து இறங்கினால் அடுத்த மார்ச் வரை கட்டிலேயேதான் கிடக்கும்.

இதழ்ச் சந்தா ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை, நம் நிதியாண்டு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. இந்த முட்டலைப் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. அடுத்த ஆண்டுக்கான வேலையைச் செப்டம்பரில் தொடங்கினால்தான் ஜனவரி இதழ் வரும். முன்பணம் கட்டியபின் வராத இதழ்களை இரண்டு மூன்று மாதத்துக்குள் எழுதிக் கேட்டுவிடுங்கள், ஆண்டு முடிந்து கேட்டால் ‘ஸ்டாக் இல்லை’ என்ற ஒரு வரிதான் பதில்.

மின்தரவுத்தளம் எதற்காவது தனியாகப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் பயன்பாட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி, கட்டிய தொகையைப் பதிவிறக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மூன்று லட்சம் கட்டி 150 கட்டுரைதான் இறங்கியிருந்தால் ஒரு கட்டுரை இரண்டாயிரம் ரூபாய். இந்தக் கணக்கைக் குழுவின் முன் வைத்தால் யாரும் வாதாட மாட்டார்கள். மின்னூல் என்றால் சந்தா நின்றபிறகும் நமக்கு அது மிஞ்சுமா என்ற ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்.

தமிழ்ப் புத்தகம் வாங்குவது தனிக் கலை

ஆங்கிலப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் அடித்தால் எல்லாம் வந்துவிடும். தமிழில் அந்த எண் இல்லாத புத்தகங்கள் ஏராளம், ஒரே எண்ணை இரண்டு மூன்று புத்தகத்தில் அச்சிட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். எனவே நூலக மென்பொருளான கோஹாவில் அந்த எண்ணை மட்டும் அடித்துத் தேடிவிட்டு ‘நம்மிடம் இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். பெயரை வைத்துத் தேடலாம் என்றால் அங்கே இன்னொரு கூத்து. மு. வரதராசன், வரதராசனார், டாக்டர் மு.வ., மு.வ., நான்கும் ஒருவர். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர். இதை ஒரே பெயர்த் தலைப்பின் கீழ் கொண்டுவந்து, மற்றவற்றிலிருந்து அங்கே வழிகாட்டாமல் விட்டால், இருக்கிற புத்தகத்தையே மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டிருப்பீர்கள். பெயர்களை ஒழுங்குசெய்வது கேட்டலாக் ஆள் வேலை என்று ஒதுக்காதீர்கள், அதில் மிச்சமாவது உங்கள் பட்ஜெட்.

சிறு பதிப்பகங்கள் இப்போது சில நூறு பிரதிதான் போடுகின்றன, கேட்கக் கேட்க அச்சடிக்கும் முறை வந்தபிறகு அதற்கும் கீழே. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பார்த்ததை ஜூலையில் ஆர்டர் போட்டால் சில நேரம் கிடைக்காது. முடிந்தால் காட்சிக்கு நேரில் போங்கள், போகும்போது நேரடிக் கொள்முதலுக்கான அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். பெரிய அரங்குகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர்களின் புத்தகம் எப்போதும் கிடைக்கும். கடைசி வரிசையில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் வட்டார வரலாறு, நாட்டார் பாடல், தொழிற்சங்க நினைவுக் குறிப்பு என்று ஏதாவது இருக்கும். அதில் இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்று வெளியே போகாத பிரதி.

எல்லாம் கன்னிமாராவில் இருக்குமே என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் ஒவ்வொரு புத்தகத்தையும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தன் செலவில் அனுப்ப வேண்டும், உண்மைதான். அனுப்பாதவர்களும் உண்டு. மேலும் அந்தச் சட்டத்துக்குள் வராத காகிதம்தான் ஆய்வாளருக்கு அதிகம் தேவைப்படுகிறது.

யாரும் எடுத்துவைக்காத காகிதம்

கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, தேர்தல் நோட்டீஸ், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், சாதிச் சங்கப் பத்திரிகை, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. இருபது வருஷத்துக்கு முன் இதையெல்லாம் குப்பை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு ஆய்வு மாணவி வந்து, எங்கள் ஊர் நெசவாளர் சங்கத்தின் 1950களின் அறிக்கை இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் பேருந்து ஏறிச் சென்னைக்குப் போனாள். சங்கக் கட்டடம் எங்கள் நூலகத்திலிருந்து நடந்து போகிற தூரம். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு தனி மனிதர் இதைச் செய்திருக்கிறார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றை, 1992இல் அவர் மறைந்தபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாகத் தொடங்கியது. குஜிலிப் பிரசுரங்கள் (சந்தையில் விற்ற மலிவுச் சிறு வெளியீடுகள்), பாட்டுப் புத்தகங்கள் என்று அவர் சேர்த்த சில்லறைக் காகிதங்களை நம்பித்தான் இன்றைக்குப் பல ஆய்வுகள் நடக்கின்றன. நம்மால் அந்த அளவுக்கு முடியாது, நம் மாவட்டம் அளவுக்கு முடியும்.

பெரும்பாலும் இந்தக் காகிதம் வீடுகளில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழைய கட்சிக்காரர், வக்கீல் குமாஸ்தா, உள்ளூர் அச்சகக்காரர். இவர்கள் இருக்கும்போதே போய்ப் பழகுங்கள். ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் அறையைக் காலிசெய்வார்கள், பழைய பேப்பர் கடைக்காரர் நம்மைவிட வேகமானவர். துக்கம் கேட்கப் போகிற இடத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேச நா எழாது, எனக்கும் எழாது. ஆனால் மூத்த மகனிடமோ, பெரும்பாலும் மகளிடமோ, ‘ஐயாவோட புத்தகத்தை எதுவும் செய்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லி, எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

நன்கொடை என்றால் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம் என்று இல்லை. ‘அப்பா பெயரில் தனி பீரோ, தனி அறை, போட்டோவுக்கு மாலை’ என்று நிபந்தனை வரும். தனி அறை தர முடியாது, ஒவ்வொரு புத்தகத்திலும் அவர் பெயரைச் சொல்லும் சீட்டு ஒட்டலாம், கேட்டலாகில் அவர் பெயரால் தேடினால் மொத்தமும் வரும்படி செய்யலாம், இதைக் காட்டிப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் ஏற்கெனவே இருப்பதை வேறு நூலகத்துக்குக் கொடுக்க உரிமை உண்டு என்ற வரியை நன்கொடைக் கடிதத்தில் கட்டாயம் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். இதை வாங்காமல் விட்டு, பத்து வருஷம் கழித்துப் பேரன் வந்து ‘தாத்தா கொடுத்த நிகண்டு எங்கே’ என்று சண்டைக்கு நின்ற கதை எனக்குத் தெரியும்.

வீட்டிலிருந்து எடுப்பதற்கு முன் அலமாரியை இருந்தபடியே கைபேசியில் படம் பிடியுங்கள். கடிதம், டைரி, கத்தரித்த செய்தித் துண்டு எல்லாம் அவர் எப்படி அடுக்கியிருந்தாரோ அந்த வரிசையிலேயே கட்டி எடுத்து வாருங்கள், பொருள்வாரியாகப் பிரிக்கிறேன் என்று கலைத்துவிட்டால் எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. வந்ததை நேராக அடுக்குக்குக் கொண்டுபோகாமல் இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வைத்து ராமபாணப் பூச்சி, கரையான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் போடப் பென்சில்தான், ரப்பர் ஸ்டாம்பை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டும் ஆர்வக்காரர் ஒருவர் எல்லா நூலகத்திலும் இருப்பார், அவருக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள். அந்தப் பசை சில வருஷத்தில் பழுப்பேறிக் காகிதத்தையே தின்றுவிடும்.

மின்படியாக்கம் செய்யும்போது 300 அல்லது 400 டிபிஐயில், சுருக்காத டிஃப் கோப்பாக ஒன்று, வாசிப்பதற்குப் பிடிஎஃப் ஒன்று. இரண்டும் இரண்டு கட்டடத்தில் இருக்கட்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. பழைய ஆய்வேட்டுக் குறுந்தகடுகள் இருந்தால் உடனே திறந்து பாருங்கள், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்தவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும், இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

இணையத்தில் எதைப் போடலாம் என்பதில் துணிச்சலும் வேண்டாம், பயமும் வேண்டாம். நம் நாட்டில் எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. ஆக, 1964க்குள் மறைந்தவர்கள் எழுதி, அவர்கள் காலத்திலேயே வெளிவந்தவை 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்களுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்துக்கு வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ள காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, உங்கள் கல்லூரி நூலகம் அந்த வரையறைக்குள் வருமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கருத்து வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

காணாமல் போனதும் கழிப்பதும்

புத்தகம் தொலையும். அதை ஒளிக்காதீர்கள். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓராண்டில் கொடுக்கப்பட்ட, பார்வையிடப்பட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து வரை தொலைவதை, நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, இயல்பானது என்று ஏற்கிறது. ஆண்டுக்கு 40,000 புழக்கம் என்றால் 200 புத்தகம். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரித்தே ஆக வேண்டும். இருப்புச் சரிபார்ப்பு 20,000 நூல் வரை ஆண்டுதோறும், 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதிரி எடுத்து. மாநில நிறுவனங்களுக்கு அவரவர் விதி உண்டு, இருந்தாலும் தணிக்கையில் பேச இது கைகொடுக்கும்.

பழைய பதிப்புக் கணினிப் புத்தகங்களைத் தயங்காமல் கழியுங்கள். உள்ளூர் சம்பந்தப்பட்டது, தமிழில் 1970க்கு முந்தையது, இவற்றில் மட்டும் மற்ற நூலகங்களின் கேட்டலாகையும் தமிழ் மின்னூலகத்தையும் பார்க்காமல் ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. எந்த வீட்டில் எந்தச் சேகரிப்பு இருக்கிறது, யார் தருகிறேன் என்றார்கள், எந்த மகள் எந்த ஊரில் இருக்கிறாள், எந்தச் சிற்றிதழில் எந்த எண் நம்மிடம் இல்லை, எந்தப் பழைய புத்தகக்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கணினியில் இருந்தாலும் சரி, நாற்பது பக்க நோட்டாக இருந்தாலும் சரி. எனக்கு முன் இருந்தவர் இதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்தார், ஓய்வுபெற்றுப் போனதும் பாதி வீடுகளின் முகவரிகூட எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் போகும்போது அந்த நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.